எல்லை தாண்டிய குடம்

சௌந்திரத்துக்குத் தெரிந்த தண்ணீர் லாரியில் வரும். இல்லாவிட்டால் வராது. கல்யாணமாகித் திருச்செங்கோட்டுக்குத் தெற்கே சுக்காங்காட்டுப் புதூருக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் கண்டது அவ்வளவுதான். அரிசி களைந்த தண்ணீர் எருமைக்கு, பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு, துணி அலசிய தண்ணீர் வாசலுக்கு. ஒவ்வொரு சொட்டுக்கும் இரண்டு வேலை வைத்திருந்தாள்.

இத்தனைக்கும் அவள் புருஷன் சுப்பையன் யார் என்கிறீர்கள்? ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி டிரில்லர்! ஆந்திரா, சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போய், யார் யாருடைய காடு கழனியிலோ தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வைத்தவர். சொந்தக் காட்டில் மட்டும் ஏழு இடத்தில் போர் போட்டும் புழுதிதான் வந்தது. கடைசிப் போரை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. வெள்ளை வெளேரென்று கல்மாவு எழும்பி எல்லார் தலையிலும் படிந்தபோது, சுப்பையனின் தம்பி பெண்டாட்டி சென்னியம்மாள் முந்தானையை உதறிக்கொண்டே சொன்னாள்: "எங்க மூத்தாரு ஊருக்கே ஓசில பவுடர் அடிச்சு உட்டுட்டாருங்க!"

ஊர் சிரித்தது. சுப்பையனுக்கு அது கேட்கவில்லை. கம்ப்ரஸர் சத்தம் அவர் காதை எப்போதோ தின்றுவிட்டது. கல்மாவு நெஞ்சைத் தின்னத் தொடங்கியிருந்தது.

இருமல் கூடிப்போய், நாலு எட்டு நடந்தால் உட்கார வேண்டும் என்று ஆனபோது, பெங்களூரில் வேலையிலிருந்த மகன் மோகன்குமார் ஒரு முடிவோடு வந்தான். ஜேடர்பாளையத்துக்குக் கீழே, காவிரிக் கரையில் படுகைத்துறை என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. பின்கதவைத் திறந்தால் ஆறு. போனில் படம் காட்டினான்.

"அம்மா, சனங்க லீவு போட்டுட்டு வந்து பாக்குற எடம். நீங்க அதுலயே குடியிருக்கப் போறீங்க. அப்பாவுக்குத் தூசியில்லாத காத்து. உனக்குத் தண்ணி. இன்னும் என்ன வேணும்?"

காட்டை ஒரு முட்டைப் பண்ணைக்காரருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாமான் ஏற்ற ஒரு மினி லாரி வந்தது. கட்டில், கிரைண்டர், பீரோ எல்லாம் ஏறியது. கடைசியில் அடுப்படிப் பரணிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தை இறக்கினாள் சௌந்திரம்.

இந்தக் குடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதூரில் ஒரு வீட்டுக்கு ஒரு தீர்த்தக் குடம். மாரியம்மன் நோம்பி வந்தால் ஊரே கொட்டடித்துக் கிளம்பிக் காவிரிக்குப் போய், அவரவர் வீட்டுக் குடத்தில் தீர்த்தம் மொண்டு வரும். ஊர் எல்லையில் ஒரு வேப்பமரம். அங்கே ஒவ்வொரு குடத்துக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்து உள்ளே அழைப்பார்கள். எந்தக் குடத்துக்கு மஞ்சள் தண்ணீர் விழுந்ததோ அந்த வீடு ஊரில் ஒரு வீடு. சாமி தேர் அந்த வாசலில் நிற்கும். அந்த வீட்டில் சாவு விழுந்தால் ஊர் வேலையைப் போட்டுவிட்டு வரும், தோள் கொடுக்கும். குடம் இல்லாத வீட்டுக்கு இது எதுவும் கிடையாது. மூத்த மருமகள் என்பதால் வரிசையில் முதல் குடம் சௌந்திரத்தினுடையது. இரண்டாவது சென்னியம்மாளுடையது. இருபத்தைந்து வருஷமாகச் சென்னியம்மாள் அந்த முதல் குடத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் நடந்திருக்கிறாள்.

அன்றைக்கு லாரியில் ஏறி உட்கார்ந்த சௌந்திரம் கையை நீட்டினாள். கீழே நின்றிருந்த சென்னியம்மாள்தான் குடத்தைத் துணியில் சுற்றி, பத்திரமாக அவள் மடியில் வைத்தாள்.

"ஆறு இருக்கற ஊருக்குப் போறீங்க. குடமும் கூட வரட்டுமுங்கக்கா. பாவம், அதும் தண்ணியப் பாக்கட்டும்."

சௌந்திரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. குனிந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இத்தனை வருஷம் இவளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனாள்.

படுகைத்துறையில் முதல் நாள் அவள் செய்த காரியத்தை அந்த ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. டிரம், அண்டா, வாளி, சட்டி, கடைசியில் டம்ளர் வரைக்கும் தண்ணீர் பிடித்து மூடி வைத்துவிட்டாள். பக்கத்தில் மீன் வறுத்து விற்கும் பாப்பாயி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, காவேரி மத்தியானத்துக்கு மேல கடையச் சாத்தீருமுங்களா?"

சௌந்திரமும் சிரித்துவிட்டாள். ஆனால் பழக்கம் விடவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே அரிசி களைந்த தண்ணீரைத் தேக்கி வைத்தாள். வாழைத் தோப்பும் வெற்றிலைக் கொடிக்காலும், சாயங்காலமானால் முகத்தில் அடிக்கிற ஈரக் காற்றுமாக ஊர் நன்றாகத்தான் இருந்தது. பேச்சுத் துணைதான் இல்லை. வீட்டை விலைக்கு வாங்கி வந்தவர்களை அந்த ஊர் விருந்தாளியாகப் பார்த்தது. கல்யாணத்துக்கு அழைத்தார்கள், தங்களில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளவில்லை.

சுப்பையனுக்கு அந்தக் கவலையே இல்லை. பின்படியில் உட்கார்ந்து தண்ணீரில் காலைத் தொங்கப் போட்டால் அவருக்குச் சொர்க்கம்.

"ஆயிரத்தி இருநூறு அடியில தேடுனனே புள்ள! இங்க கணுக்காலுக்குக் கீழ கெடக்குது!" என்று கத்துவார். காது கேட்காதவர் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார். பிறகு இருமல் வரும். அது வந்தால் முகம் நீலமாகிவிடும். சௌந்திரம் முதுகைத் தடவியபடி ஆற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நிற்பாள். டாக்டர் அவளிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருந்தார். நாள் குறைவு.

அப்போதுதான் அந்தப் பயம் பிடித்தது. இந்த மனுஷன் போய்விட்டால் தூக்க யார்? பாப்பாயியிடம் ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

"உங்க ஊருக் கோயில்ல எங்களையும் சேத்திக்குவாங்களா பாப்பாயி?"

"உங்களுக்குத்தான் உங்கூர்ல குடம் இருக்குதுங்களே. ஒரு பொண்ணுக்கு ரெண்டு ஊட்டுல தாலி கட்டுவாங்களா?"

சரியான பேச்சுத்தான். குடம் இருக்கிறது. அந்தக் குடம் இந்த முறையும் புதூர் வரிசையில் போய்விட வேண்டும். போய்விட்டால் சுப்பையனை ஊர் தூக்கிக்கொள்ளும். சௌந்திரத்துக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று.

பங்குனி பிறந்ததும் போன் வந்தது. புதூர்க் கோயில் தர்மகர்த்தா இளவழகன். நாற்பது வயசுக்காரர், சிரித்த முகம், வார்த்தைக்கு வார்த்தை மரியாதை.

"அக்கா, கும்பாபிஷேகம் வெச்சாச்சுங்க. தீர்த்தம் உங்கூரு ஆத்துலதானுங்க எடுக்கறோம். பொம்பளைங்க குளிக்க, துணி மாத்த ஒரு எடம் வேணுமுங்களே. உங்க ஊட்டைத்தான் நம்பி வாரோம்."

"வாங்க சாமி, தாராளமா வாங்க! இதென்ன கேக்கோணுமா? என்ற குடத்தை வெளக்கி வெச்சிருக்கட்டுமுங்களா?"

"அதெல்லாம் வந்து பேசிக்கலாமுங்கக்கா."

எங்கள் பக்கத்தில் 'வந்து பேசிக்கலாமுங்க' என்றால் 'முடியாது' என்றுதான் அர்த்தம், அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சௌந்திரத்துக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் ஆசை காதை அடைத்துவிட்டது. புருஷனுக்கு அடைத்ததைவிட மோசமாக அடைத்துவிட்டது.

குடத்தைப் புளி போட்டு விளக்கினாள். கழுத்தில் மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகினாள். விரதத்தோடு வருகிறவர்கள் என்று அண்டா அண்டாவாகப் பானகம் கரைத்தாள், மோர் கலந்தாள். வீட்டை இரண்டு முறை கழுவினாள். அன்றைக்குத்தான் அவள் தண்ணீரைக் கணக்குப் பார்க்காமல் ஊற்றினாள்.

சுப்பையன் படியிலிருந்து பார்த்துக் கத்தினார். "நமக்கே தண்ணி வந்துருச்சு. இன்னும் எதுக்குடி சாமிக்குத் தண்ணி தூக்கறே?"

"நீங்க சும்மா இருங்க. உங்களுக்குத்தான் தூக்கறேன்."

அவருக்குக் கேட்கவில்லை.

காலையில் வேன் வேனாக வந்து இறங்கினார்கள். எத்தனை முகம்! பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு சௌந்திரத்தின் தொண்டை கட்டிவிட்டது. வீடு முழுக்க ஈரச்சேலை, மஞ்சள் வாசம், சிரிப்பு. பீரோ கண்ணாடி முன்னால் ஒரு கூட்டம். பின்படியில் நின்று செல்பி எடுக்க ஒரு கூட்டம்.

"அக்காவுக்கென்னுங்க, ரிசார்ட்டுல குடியிருக்காங்க!"

"காடு போனாப் போவுது, காத்தாவது கெடச்சுதுங்களே."

"பாத்ரூமுல டைல்ஸப் பாருங்கடி. நம்மூரு கோயில்ல கூட இப்பிடி இல்ல."

குத்தல்தான். சௌந்திரத்துக்கு அது பாட்டாகக் கேட்டது. பேச ஆள் கிடைக்காத வாய்க்குக் குத்தலும் இனிக்கும் போல! சென்னியம்மாள் வந்து கையைப் பிடித்தாள். கூடவே அவள் மகள் தனப்பிரியா, காலேஜில் படிக்கிற பெண், போனிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

"கொளுத்தற வெயிலு. நீங்க சனங்களுக்கு மோரு ஊத்துங்கக்கா. குடத்த எங்கிட்டக் குடுங்க. நானே வரிசையில சேத்திப்போடறேன்."

"மொதக் குடம் சென்னி. மறந்துறாதே."

"மறப்பனுங்களா? இருபத்தஞ்சு வருசமாப் பாத்துட்டுத்தானே வாரேன்."

குடம் கை மாறியது. சௌந்திரம் மோர் ஊற்றினாள், பானகம் ஊற்றினாள், கிழவிகளுக்குச் சேலை பிழிந்து கொடுத்தாள். ஒரு குழந்தைக்குக் கால் கழுவி விட்டாள். அண்டா காலியாகி அவள் நிமிர்ந்தபோது துறைப் பக்கம் கொட்டுச் சத்தம் எழும்பி, வீட்டுக்கு எதிர்த் திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. ஈரக் கையோடு ஓடினாள். வேன்கள் கிளம்பிவிட்டன. கடைசி வேனின் பின்கண்ணாடியில் யாரோ கையாட்டினார்கள்.

போகட்டும், என்னைக் கூப்பிட மறந்துவிட்டார்கள், குடம் போயிருக்குமே என்று மனசைத் தேற்றிக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினாள். தரையெல்லாம் சேறு. பாத்ரூம் கதவு திறந்து கிடந்தது.

குடம் அங்கே இருந்தது.

பிளாஸ்டிக் மக்கு யார் காலிலோ மிதிபட்டு உடைந்து கிடக்க, அதற்குப் பதிலாகக் குடத்தை எடுத்திருக்கிறார்கள். வேப்பிலை சாக்கடைத் துவாரத்தில் அடைத்து நின்றது. மஞ்சள் துணியால் யாரோ தலை துவட்டிப் போட்டிருந்தார்கள்; நீளநீளமாய் முடி ஒட்டியிருந்தது. குடத்துக்குள் பாதித் தண்ணீர், அதில் இரண்டு ஷாம்பு உறை மிதந்தது.

அதைப் பார்த்த சுப்பையன் ஒன்றும் கத்தவில்லை. மெதுவாக, அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்பதே மறந்து போயிருந்த அளவுக்கு மெதுவாக, "உட்டுரு புள்ள" என்றார்.

விடுவாளா? மறுபடி புளி போட்டாள். சாம்பல் போட்டாள். கை தோல் உரிகிற மாதிரி விளக்கி, ஆற்றில் இடுப்பளவு இறங்கி மூன்று முறை முங்கி, குடத்தில் தண்ணீர் மொண்டாள். ஈரச் சேலையோடு திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறினாள். தீர்த்தக் குடத்தைக் கீழே வைக்கக் கூடாது. உட்கார இடம் இருந்தும் இடுப்பில் குடத்தோடு, கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கண்டக்டர் பார்த்தார். "ஏம்மா, திருச்செங்கோட்டுக்குத் தண்ணி கொண்டு போய் விக்கப் போறீங்களா? குடத்துக்கும் டிக்கெட் போடோணுமே!"

பஸ்ஸே சிரித்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் கொஞ்சம் தண்ணீர் அவள் இடுப்பில் சிந்தியது. சிந்தியதையெல்லாம் இன்னொரு கையால் தடுக்கப் பார்த்தாள்.

புதூர்ப் பிரிவில் இறங்கி, செருப்பில்லாமல் சுடுகிற தார் ரோட்டில் நடந்து எல்லைக்கு வந்தபோது, வழியில் கோயில் கோயிலாக நின்று பூசை போட்டு வந்த ஊர்வலம் அப்போதுதான் வேனை விட்டு இறங்கி நடந்து வந்துகொண்டிருந்தது. கொட்டு முழங்கியது. வேப்பமரத்தடியில் இளவழகன் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு நின்றார். முதல் குடம் சென்னியம்மாள் தலையில் இருந்தது.

சௌந்திரம் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் நின்றாள். கொட்டு நின்றது.

"என்ற குடத்துக்கும் தெளிங்க சாமி."

இளவழகன் கை கூப்பினார். செம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூப்பினார். "அக்கா, உங்களுக்குத் தெரியாததுங்களா? கொட்டு இல்லாம வெறுங்குடம் எல்லை தாண்டுனா அந்தக் குடி ஊரை உட்டுப் போயிருச்சுன்னு கணக்கு. நீங்க லாரியில மடியில வெச்சுக் கொண்டு போன அன்னைக்கே முடிஞ்சு போச்சுங்களே."

சௌந்திரத்துக்கு அந்த நாள் அப்படியே கண்ணில் வந்தது. தெரிந்த முறைதான்! காட்டை விட்டுப் பிரிகிற அழுகையில், சாமான் ஏற்றுகிற அவசரத்தில், கட்டிலோடும் கிரைண்டரோடும் அதையும் ஒரு சாமானாக நினைத்துவிட்டாள். பரணிலேயே விட்டு, கொழுந்தனார் வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு அது ஒருத்திக்கு மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறது.

"இவதானே எடுத்து மடியில வெச்சா!"

சென்னியம்மாள் தலைக் குடம் அசையாமல் சொன்னாள். "நீங்க கைய நீட்டுனீங்க. மூத்தவங்க கேட்டா மாட்டேனுன்னு சொல்லலாமுங்களா?" பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, "அதுமில்லாம அது பாத்ரூமுல பொழங்குன குடமுங்க. பாத்தவங்க இருக்காங்க. ஆத்தாளுக்கு ஆவுமுங்களா?"

தனப்பிரியா போனிலிருந்து நிமிர்ந்தாள். "நீதானேம்மா மக்கு ஒடஞ்சிருச்சுன்னு அதையெடுத்துக் குடுத்தே?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு வரிசையில் பின்னால் பின்னால் போனது. யாரும் சென்னியம்மாளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெயில் உச்சியில் நின்றது, எல்லார் தலையிலும் கனம். கோயிலுக்குப் போய் இறக்கி வைத்தால் போதும் என்று இருந்தது அவர்களுக்கு.

சௌந்திரம் கடைசியாக ஒன்று சொன்னாள். "அவுரு மூச்சு இழுத்துட்டுக் கெடக்கறாரு சாமி. நாளைக்கு ஒண்ணுன்னா தூக்கறக்கு ஆளில்ல. அதுக்குத்தான் கேக்கறேன். முன்னால வேண்டாம். கடைசியில நிக்கறேன்."

இளவழகன் முகத்தில் நிஜமாகவே இரக்கம் வந்தது. ஆறுதல் சொல்ல வேண்டும் என்று யோசித்தவர், இதைச் சொன்னார்:

"அதுக்கேனுங்கக்கா வெசனப்படறீங்க? ஆத்தோரத்துலயே இருக்கறீங்க. அஸ்தி கரைக்க அலையற வேலை கூட இல்ல. குடுத்து வெச்சவங்க."

கொட்டு மறுபடி எழும்பியது. குடங்கள் அவள் இரண்டு பக்கமும் ஆற்றுத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவது போலப் போயின. ஒவ்வொன்றிலும் மஞ்சள் தண்ணீர் விழுந்தது. கடைசிக் குடமும் போன பிறகு மரத்தடியில் ஈரமண் மட்டும் இருந்தது.

தீர்த்தத்தைத் தரையில் கொட்டக் கூடாது. திருப்பிக் கொண்டு போகவும் கூடாது. இடுப்புக் குடத்தோடு சௌந்திரம் சுற்றிப் பார்த்தாள். எல்லையை ஒட்டி அவள் காடு. அதாவது, அவள் காடாக இருந்தது. நீள நீளமாகக் கோழிச் செட்டு. கம்பி வேலியில் ஒரு சந்து. அந்தச் சந்து அவளுக்குத் தெரியும். அவள் எருமை உண்டாக்கியது.

உள்ளே போனாள். செட்டுக்குப் பின்னால் ஒரு கல்லுக்கு அடியில் முதல் போரில் இறக்கிய இரும்புக் குழாய், கேசிங் பைப், அப்படியே இருந்தது. கல்யாணமான புதுசில் சுப்பையன் அதில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, "கேளு புள்ள, தண்ணி இருந்தா சொல்லும்" என்று அவள் தலையைக் குனிய வைத்துக் கேட்கச் சொன்ன பைப். அன்றைக்கு அவருக்குக் காது கேட்கும்.

கல்லை நகர்த்தினாள். குடத்தைச் சாய்த்தாள். காவிரி முழுதும் அந்தக் குழிக்குள் போனது. குனிந்து காதை வைத்துக் கேட்டாள். போய்க்கொண்டே இருந்தது. அடியில் போய் விழுந்த சத்தம் வரவேயில்லை.

"ஏ அம்மா! ஏ!"

பண்ணைக் காவலாளி ஓடி வந்தான். வடக்கேயிருந்து வந்த பையன் மாதிரி இருந்தான், மீசை அப்போதுதான் அரும்பியது. தமிழை ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிப் பேசினான். "உள்ளே வரக் கூடாது. கோழி நோவு வரும். மருந்துத் தண்ணியில கால் வைக்கலே. முதலாளி திட்டும்."

அவளை வாசல் பக்கம் கூட்டிப்போனான். கேட்டுக்கு அருகே ஒரு சிமெண்டுத் தொட்டி, பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர், நாற்றம் மூக்கில் ஏறியது. அவள் புடவையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். வெடித்த பாதத்தில் மருந்து பட்டதும் சுரீரென்றது.

"எந்த ஊர் நீ?" என்றான் பையன்.

புதூர் என்று சொல்ல வாய் எடுத்தாள். வரவில்லை. படுகைத்துறை என்று சொல்லப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அவளுக்குத் தமிழ் தெரியாது போல என்று நினைத்தோ என்னவோ, கையால் சைகை காட்டினான்.

"குடமும் முக்கணும். முக்காம வெளியே போகக் கூடாது."

ஊருக்குள் கொட்டுச் சத்தம் உச்சத்துக்குப் போனது. குலவை கேட்டது. முதல் குடத்தை இறக்கிவிட்டார்கள் போல.

சௌந்திரம் குனிந்து குடத்தைத் தொட்டிக்குள் அழுத்தினாள். கொடகொடவென்று குமிழி விட்டுக்கொண்டு குடம் நிறைந்தது.

"ம், போதும்," என்றான் பையன். "கொட்டிட்டுப் போ."